நோயாளி அறையிலிருந்து நிருவாகி அறைக்கு: உளச்சிகிச்சைக் கலை கைத்தொழிலுலகிற் புகுந்த வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலே மேனாட்டு வணிக உலகிற் புதியதொரு தொழில் நிலைபெறலாயிற்று. பெருங் கம்பனிகளின் தலைவர்களும் உயர்நிலை முகாமையாளர்களும் குறித்த கால இடையீட்டில் ஓர் ஆலோசகரைத் தனிமையிற் சந்தித்து, தம் கருமங்களைப் பற்றியும் தம்மைப் பற்றியும் உரையாடும் வழக்கமே அதுவாகும். ஆங்கிலத்தில் 'எக்செக்கியூற்றிவ் கோச்சிங்' என வழங்கும் இதனைத் தமிழில் 'நிருவாகிப் பயிற்றல்' என்று குறிக்கலாம். இத்தொழிலைச் செய்வோர் கையாளும் முறைகளுட் பல உளச்சிகிச்சையிலிருந்து பெறப்பட்டவை. பொறுமையுடன் செவிமடுத்தல், சொல்லப்பட்டதனூடே சொல்லப்படாததை உணர்தல், தீர்ப்புக் கூறாது ஏற்றுக்கொள்ளல் என்பனவெல்லாம் முதன்முதல் மருத்துவரின் அறையிலே பயிலப்பட்டவை. ஆயின் நிருவாகி நோயாளியல்லர். அவருக்காகப் பணம் செலுத்துபவரும் பெரும்பாலும் அவரல்லர். இவ்விரு வேறுபாடுகளும் சிறியனபோலத் தோன்றினும், இக்கலையின் போக்கையே மாற்ற வல்லவை. அஃது எவ்வாறென வரலாற்று முறையாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

'கோச்' என்னும் சொல்லின் வரலாறும் ஈண்டு அறியத்தக்கது. ஹங்கேரி நாட்டிலே கொச் என்னும் சிற்றூரிற் செய்யப்பட்ட வண்டிகள் ஐரோப்பாவெங்கும் புகழ்பெற்றமையால், அவ்வூர்ப்பெயர் குதிரை வண்டிக்கே பெயராயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஒக்ஸ்போட் பல்கலைக்கழக மாணவர், தம்மைப் பரீட்சையைக் கடப்பித்துவிடும் தனியாசிரியரை வேடிக்கையாக அப்பெயரால் அழைத்தனர். பின்னர் அது விளையாட்டுப் பயிற்றுநர்க்கும் பெயராகி, ஈற்றில் வணிக உலகிலும் இடம்பெற்றது. வண்டி தன்னில் ஏறியவரைக் கொண்டுசெல்லும். செல்லுமிடத்தைத் தீர்மானிப்பது அதன் கடனன்று. நிருவாகி ஏறியிருக்கும் வண்டிக்குக் கூலி கொடுப்பது கம்பனியாயின், செல்லுமிடத்தைத் தீர்மானிப்பவர் யார் என்னும் வினா எழுகின்றது. இவ்வினா இவ்வரலாறு முழுவதும் எம்மைத் தொடர்ந்து வரும்.

கேட்டலே மருந்தானமை

நோயாளியைப் பேசவிட்டுக் கேட்பதனையே சிகிச்சையாகக் கொள்ளும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உருப்பெற்றது. 1895 ஆம் ஆண்டில் ஜோசெப் புரொயர், சிக்மண்ட் புரொய்ட் என்னும் வியன்னா நகர மருத்துவர் இருவர் ஹிஸ்ரீரியா நோய் பற்றிய தம் ஆராய்ச்சிகளை நூலாக வெளியிட்டனர். அந்நூலில் அன்னா ஓ. என்னும் புனைபெயராற் குறிக்கப்படும் பெண்மணி, தம் துன்பங்களை வாய்விட்டுச் சொல்லுந்தோறும் நோய்க்குறிகள் தணியக் கண்டு, அம்முறைக்குப் 'பேச்சுச் சிகிச்சை' என்று தாமே பெயரிட்டார். இக்கலைக்குப் பெயர் சூட்டியவர் மருத்துவரல்லர், நோயாளியே என்பது நோக்கற்பாலது.

புரொய்ட் பின்னர் வளர்த்த உளப்பகுப்பு முறையிலிருந்து மூன்று கருத்துகள் கைத்தொழிலுலகுக்குச் சென்றன. முதலாவது, ஒருவர் வெளிப்படையாகக் கூறும் பொருளுக்கு அடியில், அவரே அறியாத வேறொரு பொருள் மறைந்திருத்தல் கூடும் என்பது. இரண்டாவது, இளமையிற் பெற்றோர்மாட்டுக் கொண்ட அன்பையும் அச்சத்தையும் வெறுப்பையும் மனிதர் பிற்காலத்தில் வேறொருவர் மேல் ஏற்றிக் காண்பர் என்பது. இதனை 'உணர்ச்சி மாற்றீடு' என்பர். மூன்றாவது, மருத்துவர் அறிவுரை கூற விரையாது, வரையறுத்த நேரத்தில் வரையறுத்த எல்லைக்குள் நின்று கேட்டல் வேண்டும் என்பது. பிரான்சு நாட்டிலே பியர் ஜானே என்னும் அறிஞர் இவற்றினின்றும் வேறான ஒரு வழியிற் சென்றார். உள்ளத்தின் ஆற்றல் தளர்ந்தவிடத்து மனிதர் பயனற்ற சிந்தனைச் சுழலுள் அகப்படுவர் என்பது அவர் கொள்கை. தொழிற்சாலைக்குள் முதலிற் புகுந்தது புரொய்டின் கொள்கையன்று, ஜானேயின் கொள்கையே.

ஹாதோர்ண் தொழிற்சாலையில் நிகழ்ந்தவை

ஜானேயின் கருத்துகளைத் தொழிற்சாலைக்குக் கொணர்ந்தவர் எல்ரன் மேயோ என்பார். 1880 இல் அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரிற் பிறந்த இவர், குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்திலே தத்துவம் கற்பித்தவர். முதல் உலகப் போரில் மனம் குலைந்து மீண்ட போர்வீரர்க்கு, மருத்துவர் ஒருவருடன் சேர்ந்து பிறிஸ்பேன் நகரிற் சிகிச்சை செய்தவர். 1922 இல் அமெரிக்கா சென்ற மேயோ, அடுத்த ஆண்டிலே பிலடெல்பியா நகர நூல் ஆலை ஒன்றின் நூற்புப் பகுதியை ஆராய்ந்தார். அவ்வாலையின் ஏனைய பகுதிகளில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்தாறு பேரே வேலையை விட்டு நீங்க, நூற்புப் பகுதியில் அவ்வீதம் நூற்றுக்கு 250 ஆக இருந்ததென அவர் எழுதியுள்ளார். தனிமையில், ஓயாத இரைச்சலுக்கிடையே, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும் தொழிலாளர் மனக்கசப்பான சிந்தனைகளில் மூழ்கியிருத்தலை அவர் கண்டார். இடையிடையே படுத்து இளைப்பாறும் வேளைகள் வகுக்கப்பட்டபின் நிலைமை சீரடைந்தது. போர்வீரரிடம் தாம் கண்ட உளத்தளர்ச்சியையே மேயோ ஆலைத் தொழிலாளரிடமும் கண்டார் எனலாம்.

1926 இல் ஹாவாட் பல்கலைக்கழக வணிகக் கல்லூரியிற் சேர்ந்த மேயோவுக்கு, இரண்டாண்டுகளின் பின் ஒரு பெருவாய்ப்புக் கிட்டியது. சிக்காகோ நகரை அடுத்த சிசெரோ என்னுமிடத்தில், வெஸ்ரேண் எலெக்றிக் கம்பனியின் ஹாதோர்ண் தொழிற்சாலை தொலைபேசிக் கருவிகளைச் செய்துவந்தது. அங்கே 1924 முதல் வெளிச்சத்தின் அளவுக்கும் வேலையின் அளவுக்கும் உள்ள தொடர்பு ஆராயப்பட்டது. 1927 இல் அஞ்சற் கருவிகளைப் பொருத்தும் ஐந்து பெண்களைத் தனியறையில் இருத்தி ஓய்வு நேரம், வேலை நேரம் என்பவற்றின் விளைவு ஆராயப்படலாயிற்று. இவை பலரும் அறிந்த செய்திகள். எம் பொருளுக்கு இன்றியமையாதது 1928 செத்தெம்பரில் ஆரம்பித்த செவ்வித் திட்டமேயாம்.

முதலிற் பரிசோதனைப் பிரிவைச் சேர்ந்த ஏறக்குறைய 1,600 பேரிடம் வேலை, மேற்பார்வை, வேலைச் சூழல் என்பன பற்றி வரையறுத்த வினாக்கள் கேட்கப்பட்டன. தொழிலாளரோ வினாவுக்கு விடை கூறுவதை விடுத்து, தம் மனத்திற்பட்டதையே பேச முற்பட்டனர். செவ்வி காண்போர் அவர்களைத் திரும்பவும் வினாவுக்கு இழுத்து வருவதில் அலுத்துப்போயினர். எனவே 1929 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் முறையே மாற்றப்பட்டது. பேசுபவரே பொருளைத் தெரிந்துகொள்வார். கேட்பவர் அதிகாரம் காட்டார், அறிவுரை கூறார், வாதாடார், கேட்டதைப் பிறர்க்கு உரையார். இம்மாற்றத்தின் பின் சராசரியாக 30 நிமிடம் நீடித்த செவ்வி ஒன்றரை மணி நேரமாக நீண்டது. 1930 அளவில் 21,000 இற்கு மேற்பட்டோர் இவ்வாறு செவ்வி காணப்பட்டனர். கைத்தொழில் வரலாற்றில் இத்துணைப் பெருந்தொகையினர் சொல்வதை ஒருவர் இருந்து கேட்ட நிகழ்ச்சி அதற்கு முன் இல்லை எனலாம்.

செவ்விகளில் வெளிப்பட்டவற்றுள் இரண்டு எடுத்துக்காட்டுகள் பெரிதும் பேசப்பட்டவை. ஒரு பெண் தொழிலாளி தம் மேற்பார்வையாளர்மேற் கடும் வெறுப்புக் கொண்டிருந்தார். பேசிக்கொண்டு வருகையிலே, அவர் தாம் வெறுத்த மாற்றாந்தந்தையைப் போன்ற தோற்றமுடையவர் என்பதே வெறுப்பின் காரணமெனத் தாமே கண்டுகொண்டார். உணர்ச்சி மாற்றீட்டுக்கு இதனினும் தெளிந்த சான்று மருத்துவ நூல்களிலும் காண்டல் அரிது. மற்றொருவர் தம் வேலைக்கான கூலிவீதம் குறைவென முறையிட்டார். அவர் மனைவி மருத்துவமனையில் இருந்தமையும், அச்செலவை எவ்வாறு ஈடுசெய்வது என்னும் கவலை அவரை வருத்தியமையும் பின்னர்ப் புலனாயின. வெளிப்பொருள் கூலி, உட்பொருள் மனைவியின் நோய் என ஆராய்ச்சியாளர் கொண்டனர்.

இவ்விரண்டாவது எடுத்துக்காட்டை ஊன்றி நோக்குதல் வேண்டும். அத்தொழிலாளியின் கவலை உண்மையே. அதனை அறிந்துகொண்டமையும் நன்றே. ஆயினும் கூலிவீதம் உண்மையிலேயே குறைவாகவும் இருந்திருத்தல் கூடுமன்றோ? மனைவி நோயுற்றிருத்தல் கூலி போதும் என்பதற்குச் சான்றாகாது; போதாது என்பதற்கே சான்றாகும். மருத்துவ அறையில் நோயாளியின் முறைப்பாட்டுக்கு உட்பொருள் தேடும் மருத்துவர், அம்முறைப்பாட்டுக்குக் காரணமானவர் அல்லர். தொழிற்சாலையிலோ முறைப்பாட்டுக்கு இலக்கானவரும், உட்பொருள் தேடுவோர்க்குச் சம்பளம் கொடுப்பவரும் ஒருவரே. இவ்விடத்திலேதான் உளச்சிகிச்சைக் கலை முதன்முதலாகத் தன் பழைய நிலத்தை விட்டு நீங்கியது.

பொருளாதார மந்தம் இவ்வாராய்ச்சிகளை நிறுத்திற்று. அவற்றின் முடிவுகளை வ்றிட்ஸ் றோத்லிஸ்பேகர், வில்லியம் டிக்சன் என்னும் இருவர் 1939 இற் பெருநூலாக வெளியிட்டனர். இதற்கிடையில் 1936 இற் கம்பனி உளவளத்துணைத் திட்டமொன்றைத் தொடங்கியது. கம்பனியின் சம்பளம் பெறும் துணையாளர் வேலைத்தலங்களில் உலாவி, பேச விரும்புவோர் சொல்வதைக் கேட்பர். கேட்டதை மேலிடத்துக்குச் சொல்லார். குறைகளை நீக்க அவர்க்கு அதிகாரமுமில்லை. இரகசியம் காக்கும் வாக்குறுதி தொழிலாளரைப் பாதுகாத்தது. அதுவே அவர்தம் குறைகள் கம்பனியின் செவிக்கு எட்டாதவாறும் செய்தது. இம்முரண்பாட்டை அக்காலத்தவரே கண்டனர். 1951 இல் வெளிவந்த ஆராய்ச்சிக் கட்டுரையொன்றில் ஜீன் விலென்ஸ்கி, ஹரல்ட் விலென்ஸ்கி ஆகியோர், இத்திட்டம் நிருவாகத்தின் கட்டுப்பாட்டுக் கருவியாகவும் பயன்பட்டதென எடுத்துக்காட்டினர். லோறன் பரிற்ஸ் என்னும் வரலாற்றாசிரியர் 1960 இல் எழுதிய நூலிற் கைத்தொழில் உளவியலாளரை அதிகாரத்தின் ஊழியர் என்றே கண்டித்தார். திட்டமும் இருபதாண்டுகள் நடைபெற்று 1956 இல் முடிவுற்றது. டிக்சனும் றோத்லிஸ்பேகரும் 1966 இல் அதன் வரலாற்றை ஒளியாது எழுதிவைத்தமை அறிஞர்க்கு அழகாகும்.

கார்ல் றொஜேர்ஸ் கண்ட வழி

ஹாதோர்ணிற் செவ்வி காண்போர் அனுபவத்தாற் கண்ட முறைக்கு ஒப்பான ஒன்றை, மருத்துவத் துறையிற் கொள்கையாக வகுத்தவர் கார்ல் றொஜேர்ஸ் ஆவார். 1902 இற் சிக்காகோவை அடுத்த ஓக் பாக் என்னும் ஊரிற் பிறந்த இவர், றொச்செஸ்ரர் நகரிலே பிள்ளைகளுக்கான வழிகாட்டல் நிலையத்திற் பன்னிரண்டு ஆண்டுகள் பணியாற்றினார். அங்கே குழப்படி மிக்க ஒரு சிறுவனின் தாயாரைப் பன்முறை சந்தித்து, தவறு தாயிடமே என்பதை உணர்த்த அவர் முயன்றார். முயற்சி பயன்தரவில்லை. இனி நிறுத்திவிடலாம் என இருவரும் உடன்பட்டனர். வாயில்வரை சென்ற தாயார் திரும்பி, பெரியவர்க்கும் இங்கே துணைபுரிவதுண்டோ என வினவினார். உண்டு என்றதும், மீண்டும் அமர்ந்து தம் இல்வாழ்க்கையின் துயரங்களைக் கொட்டத் தொடங்கினார். எங்கே நோகின்றது, எத்திசையிற் செல்லவேண்டும் என்பவற்றை அறிந்தவர் துணை நாடி வந்தவரே என்னும் உண்மையை அன்று தாம் கற்றதாக றொஜேர்ஸ் பிற்காலத்தில் எழுதினார்.

1942 இல் வெளிவந்த அவர் நூல் அறிவுரை கூறாத உளவளத்துணைக்கு அடிப்படை இட்டது. 1957 இல் எழுதிய கட்டுரையில், மாற்றம் நிகழ்வதற்குத் துணையாளரிடம் இருக்கவேண்டியவற்றுள் முதன்மையாக மூன்றை வற்புறுத்தினார்: உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாமை, நிபந்தனையற்ற நன்மதிப்பு, மற்றவர் நிலையில் நின்று உணரும் ஒத்துணர்வு என்பன அவை. 1952 இல் இவரும் ஹாதோர்ண் ஆராய்ச்சியாளரான றோத்லிஸ்பேகரும் இணைந்து, ஹாவாட் வணிகச் சஞ்சிகையிற் கருத்துப் பரிமாற்றம் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டனர். வாதிடும் இருவருள் ஒருவர் தம் கருத்தைக் கூறுமுன், மற்றவர் கூறியதை அவர் ஒப்புமாறு திருப்பிச் சொல்லவேண்டும் என்னும் பயிற்சியை அதில் றொஜேர்ஸ் முன்வைத்தார். கேட்பதற்கு எளிதாய்த் தோன்றும் இவ்விதி கைக்கொள்வதற்கு எத்துணை அரியது என்பதை முயன்று பார்த்தோர் அறிவர்.

ரவிஸ்ரொக் அறிஞர் பணி

அமெரிக்காவிற் கவனம் தனிமனிதர் மேற் சென்றதாக, இங்கிலாந்திலோ அது கூட்டத்தின்மேற் சென்றது. முதல் உலகப் போரின் விளைவான உளநோய்களைக் கருத்திற்கொண்டு 1920 இல் இலண்டனில் நிறுவப்பட்ட ரவிஸ்ரொக் சிகிச்சை நிலையத்தைச் சேர்ந்த மருத்துவர் பலர், இரண்டாம் உலகப் போரின்போது படையிற் பணிபுரிந்தனர். படைத் தலைவர்களைத் தெரிவுசெய்யும் சபைகளில், தலைவர் ஒருவரையும் நியமியாது ஒரு குழுவினர்க்குக் கருமமொன்றைக் கொடுத்து, அவர் நடந்துகொள்ளும் முறையை நோக்கும் சோதனையை வில்பிரெட் பயொன் என்பார் வகுத்தார். போரின் பின், 1946 இல், றொக்பெல்லர் நிதியத்தின் உதவியுடன் ரவிஸ்ரொக் மனித உறவு நிறுவனம் உருவாயிற்று.

இந்நிறுவனத்தைச் சேர்ந்த எலியற் ஜாக்ஸ் 1948 முதல் இலண்டனில் எந்திரத் தாங்கிகள் செய்யும் கிளேசியர் மெற்றல் கம்பனியில் ஆராய்ச்சி நடத்தினார். மெலனி கிளைன் அம்மையாரின் வழியில் உளப்பகுப்பு மரபிற் பயின்ற ஜாக்ஸ், ஹாதோர்ணிற் கவனிக்கப்படாத ஒன்றை முதலிலேயே வரையறுத்தார். ஆராய்ச்சிக் குழு நிருவாகத்தின் கையாளாக இராது. நிருவாகத்தினரும் தொழிலாளரும் சேர்ந்திருந்த பேரவைக்கே பொறுப்புடையதாகும். அழைக்கப்பட்டாலன்றி எப்பிரிவுக்குள்ளும் நுழைவதில்லை. சம்பந்தப்பட்டோர் உடன்பட்ட பொருளையன்றி எதனையும் ஆராய்வதில்லை. 1951 இல் வெளிவந்த அவர் நூல் இவ்வாராய்ச்சியை விரித்துரைக்கும். யாருக்காகக் கேட்கின்றோம் என்னும் வினாவுக்குக் கைத்தொழிலுலகில் அளிக்கப்பட்ட நேர்மையான விடைகளுள் இது தலையாயது.

அதே நிறுவனத்தின் இசபெல் மென்சீஸ் அம்மையார், இலண்டன் மருத்துவமனை ஒன்றிற் பயிற்சித் தாதியர் பெருந்தொகையாக விலகுதலை ஆராய்ந்து 1960 இற் கட்டுரை வெளியிட்டார். நோயையும் சாவையும் நாளும் காணும் தாதியர்க்குப் பதகளிப்பு உண்டாதல் இயல்பு. அதனைத் தாங்குவதற்கு மருத்துவமனையே சில வழக்கங்களை வளர்த்துக்கொண்டது. நோயாளி பெயராலன்றி உறுப்பாலும் படுக்கை எண்ணாலும் குறிக்கப்பட்டார். உறங்கும் நோயாளியை எழுப்பி உறக்க மருந்து கொடுக்குமளவுக்கு விதிகள் இறுக்கமாயிருந்தன. இவை மனத்தாக்கத்தைக் குறைப்பனபோலத் தோன்றினும், தொழிலின் நிறைவையும் பறித்துவிட்டன. தனிமனிதர் மட்டுமன்றி ஒரு நிறுவனமும் அச்சத்துக்கு எதிரான தற்காப்பு நெறிகளை அமைத்துக்கொள்ளும் என்பது இதனாற் பெறப்பட்டது.

நிருவாகியின் அறைக்குள்

இதுகாறும் கூறியவை தொழிலாளரையும் கூட்டத்தையும் பற்றியன. உயர்நிலை நிருவாகிக்கும் இத்தகைய துணை வேண்டும் என்னும் எண்ணமும் இரண்டாம் உலகப் போரை அடுத்து வலுப்பெற்றது. 1945 இற் சிக்காகோவில் உளவியலாளர் சிலர் கம்பனித் தலைவர்க்கு ஆலோசனை கூறுவதற்கெனவே ஒரு நிறுவனத்தை அமைத்தனர். 1954 இல் ஹரி லெவின்சன் என்பார், கன்சாஸ் மாநிலத்தின் ரொபீகா நகரில் இருந்த புகழ்பெற்ற மெனிங்கர் நிலையத்திற் கைத்தொழில் உளநலப் பிரிவைத் தொடங்கினார். தொழிலாளிக்கும் நிறுவனத்துக்கும் இடையே எழுதாத உடன்படிக்கையொன்று உண்டென்பதும், அது மீறப்படுமிடத்து இழப்பின் துயர் போன்ற துயரும் சினமும் எழுமென்பதும் அவர் கொள்கையில் முதன்மை பெற்றன. 1968 இற் சிறந்த நிருவாகியின் இயல்பு பற்றி நூல் எழுதி, தம் பெயரால் ஒரு நிலையத்தையும் அவர் நிறுவினார்.

பின்னர் வந்த மாற்றங்களை விரைந்து கூறலாம். அறிவுக்கொத்த சிந்தனையால் உணர்ச்சிகளைச் சீராக்கலாம் எனக் கண்ட அல்பேட் எல்லிஸ், 1972 இல் அம்முறையை நிருவாகத் தலைமைக்குப் பொருத்தி ஒரு நூல் எழுதினார். ஆரன் பெக் வகுத்த அறிகைச் சிகிச்சையும் அதற்கு இனமானதே. 1974 இல் ரிமொதி கல்வே ரெனிஸ் ஆட்டக்காரனின் உள்ளே நிகழும் ஆட்டத்தைப் பற்றி எழுதிய நூல், விளையாட்டுப் பயிற்றலுக்கும் உளவியலுக்கும் பாலமாயிற்று. ஜோன் விற்மோர் 1992 இல் அக்கருத்துகளை வணிக உலகுக்கு ஏற்ப எழுதினார். 1995 இற் பயிற்றுநர்க்கான சர்வதேசச் சம்மேளனம் தோன்றியது. 1996 இல் அமெரிக்க ஆலோசனை உளவியற் சஞ்சிகை ஒன்று, நிருவாகிப் பயிற்றலுக்கெனத் தனியிதழ் வெளியிட்டது. றிச்சட் கில்பேர்க் அதில் இத்தொழிலுக்கு வரைவிலக்கணம் கூற முயன்றார். அவ்விதழில் எழுதிய லெவின்சன், பயிற்றுநர் உளவியல் திறன்களைக் கையாளவேண்டும், ஆயினும் தம் பணியை உளச்சிகிச்சையினின்றும் பிரித்தறிய வல்லவராதல் வேண்டும் என்று வற்புறுத்தினார். நாற்பதாண்டு அனுபவத்தின் சாரம் அது.

கொள்கைகள் பயன்படுமாறு

உளச்சிகிச்சை மரபுகள் நிருவாகிக்கு எவ்வாறு பயன்படும் என்பதை ஓர் உதாரணத்தால் விளக்குவாம். பொறியியலாளராய் இருந்து முகாமையாளராய் உயர்ந்த ஒருவரைக் கற்பித்துக்கொள்வோம். அவர் எக்கருமத்தையும் பிறரிடம் ஒப்படையார். வெளிச்செல்லும் ஒவ்வொரு கடிதத்தையும் தாமே திருத்துவார். இரவில் நேரஞ் சென்றே வீடு திரும்புவார். கீழுள்ளோர் ஊக்கமிழந்து விலகுகின்றனர். கம்பனி அவரை ஒரு பயிற்றுநரிடம் அனுப்புகின்றது.

அறிகை வழியிற் செல்லும் பயிற்றுநர், கடிதத்தைத் திருத்தாது விடும்போது அவர் மனத்தில் எழும் எண்ணம் யாதென வினவுவார். ஒரு பிழை நேர்ந்தால் எல்லாம் அழிந்துவிடும் என்பது அவ்வெண்ணமாயின், அது மெய்யோவெனச் சிறிய பரிசோதனைகளாற் காணச் செய்வார்: ஒரு கிழமைக்கு ஒரு வகைக் கடிதத்தைத் திருத்தாது விட்டு, விளைவைக் குறித்துவரச் சொல்வார். உளப்பகுப்பு வழியினர், பிழையை இத்துணை அஞ்சும் வழக்கம் எங்குத் தொடங்கிற்று, மேலதிகாரி அவர்க்கு யாரை நினைவூட்டுகின்றார் என்பவற்றைக் கருதுவார். அவர் பயிற்றுநரையும் அதே அச்சத்துடன் நோக்குகின்றாரா என்பதையும் கவனிப்பார். றொஜேர்ஸ் வழியினர், பதவியில் உயர்ந்தபின் எவரிடமும் தம் ஐயங்களைச் சொல்லமுடியாத அத்தனிமையை முதலில் உணர முற்படுவார்; அஞ்சாது பேசக் கிடைத்த இடமே அவர்க்கு மருந்தாதல் கூடும். ரவிஸ்ரொக் வழியினரோ முற்றிலும் வேறான வினாவைக் கேட்பார்: இப்பதவியில் முன்னர் இருந்தவர்க்கு யாது நேர்ந்தது? சிறு பிழைக்காக அவர் நீக்கப்பட்டிருப்பின், இவர் அச்சம் உளக்கோளாறன்று, அறிவுடைமையே.

நான்கு வினாக்களும் வேண்டற்பாலனவே. ஆயின் முதல் மூன்றும் நிருவாகியை மாற்றுவதையே நோக்குவன. நான்காவது கம்பனியையும் வினவுவது. கூலி கொடுப்பவர் விரும்பிக் கேட்பது பெரும்பாலும் முதல் மூன்றையே. ஹாதோர்ண் தொழிலாளியின் கூலி முறைப்பாடு மனைவியின் நோயாக மாறியதுபோல, நிறுவனத்தின் குறை நிருவாகியின் குணக்குறையாக மாறும் இடர் இங்கே மறைந்திருக்கின்றது.

மறுதலையான இடரும் உண்டு. ஸ்ரீவன் பேர்க்ளாஸ் என்னும் உளவியலறிஞர் 2002 இல் ஹாவாட் வணிகச் சஞ்சிகையில் எழுதிய கட்டுரையில், உளவியற் பயிற்சியற்ற பயிற்றுநர் ஆழ்ந்த உளத்துன்பங்களை வெறும் பழக்கக் குறைகளாகக் கருதி, விரைவில் திருத்த முயன்று தீங்கு விளைவித்தல் கூடுமென எச்சரித்தார். மேற்கூறிய முகாமையாளர் உறக்கமிழந்து, உணவை வெறுத்து, வாழ்வில் விருப்பற்றவராயின், அவர்க்கு வேண்டியது பயிற்றலன்று, மருத்துவமே. தம் எல்லையை அறிந்து, உரிய மருத்துவரிடம் தக்க காலத்தில் அனுப்பத் தெரிவதும் பயிற்றுநரின் திறன்களுள் ஒன்றாகும். மருத்துவ அறையிலிருந்து கருவிகளை எடுத்துவந்தோர், அக்கருவிகளின் கூர்மையையும் அறிந்திருத்தல் வேண்டும்.

இம்முறைகளுள் எது சிறந்தது என்னும் வாதம் உளச்சிகிச்சையிலும் நெடுங்காலம் நிகழ்ந்தது. 1979 இல் எட்வேட் போர்டின் என்பார், எம்முறையாயினும் குறிக்கோளில் உடன்பாடு, செய்யும் கருமத்தில் உடன்பாடு, இருவர்க்கும் இடையே பிணைப்பு என்னும் மூன்றும் அமைந்த கூட்டுறவே அடிப்படை என்றார். பயிற்றலிலும் அஃதே காணப்படுகின்றது. எறிக் டி ஹானும் பிறரும் 1,895 இணைகளை ஆராய்ந்து 2016 இல் வெளியிட்ட கட்டுரையில், பயிற்றப்படுவோர் கண்ட பயன், இருவர்க்குமிடையேயான உறவின் தன்மையோடு நெருங்கிய தொடர்புடையதாகக் காணப்பட்டது. குறிக்கோளில் உடன்பாடு என்று போர்டின் கூறியது இருவரிடையே ஆவது. நிருவாகிப் பயிற்றலிலோ உடன்படவேண்டியவர் மூவர்.

முடிவுரை

அரசனுக்கு இடித்துரைக்கும் துணைவர் வேண்டும் என்பது தமிழர்க்குப் பழகிய கருத்தே. ஆயின் அத்துணைவர் சொல்லும் தொழிலினர். இவரோ கேட்கும் தொழிலினர். கேட்கும் தொழில் மென்மையானதாகத் தோன்றினும் அதன் பொறுப்புக் குறைந்ததன்று. ஒருவர் உள்ளத்தைத் திறந்து பேசுவது, கேட்பவர் தமக்காகவே கேட்கின்றார் என்னும் நம்பிக்கையினாலாகும். அந்நம்பிக்கை பிழைபடின், எத்துணைத் திறமையான கேட்டலும் வஞ்சனையாய் முடியும்.

இவ்வரலாறு மூன்று பாடங்களை எமக்கு உணர்த்துகின்றது. உளச்சிகிச்சையின் திறன்கள் நோயற்றவர்க்கும் பயன்படுவன என்பதை ஹாதோர்ணும் றொஜேர்சும் காட்டினர். தனிமனிதரின் துன்பத்திற் நிறுவனத்தின் பங்கைக் காணாவிடின் அத்திறன்கள் அரைகுறையானவை என்பதை ரவிஸ்ரொக் அறிஞர் காட்டினர். எவர்க்காகக் கேட்கின்றோம், கேட்டதில் எது எவரிடம் செல்லும் என்பவற்றை மூவரும் அறியத் தொடக்கத்திலேயே வரையறுத்தல் வேண்டும் என்பதை 1948 இற் கிளேசியர் கம்பனியிற் செய்த உடன்பாடு காட்டுகின்றது. இக்காலப் பயிற்றுநர் சங்கங்களின் ஒழுக்கக் கோவைகளும் இரகசியத்தின் எல்லையை முன்னரே தெளிவுபடுத்துமாறு விதிக்கின்றன. விதி எழுதுதல் எளிது. கம்பனித் தலைவர் பயிற்றுநரைத் தனியே அழைத்து, "எங்கள் ஆள் எப்படி?" என்று வினவும் வேளையில் அவ்விதி நிற்கின்றதா என்பதே உரைகல். அவ்வேளையிற் காக்கப்படும் மௌனமே இக்கலையின் தகுதியைத் தீர்மானிப்பதாகும்.